பொடிக்கு ஊற்றிய எண்ணெய்

ஜனவரி 6, திங்கள்

மதுரை மருத்துவமனையில் ஒரு நோட்டு கொடுத்திருக்கிறார்கள். இன்றிலிருந்து பன்னிரண்டு வாரம், என் வீட்டுக்காரர் என்ன சாப்பிட்டார் என்று தினமும் அதில் எழுத வேண்டும். கட்டம் கட்டமாகப் போட்டிருக்கிறது: நேரம், என்ன சாப்பாடு, எத்தனை தேக்கரண்டி எண்ணெய், யாருடன் சாப்பிட்டார்.

"யாருடன்னு எதுக்கும்மா?" என்று கேட்டேன்.

"தனியா சாப்பிடறவங்க அரைவயிறா எந்திரிச்சிடுவாங்கம்மா. அதான்" என்றாள் உணவு ஆலோசகர் நிலோஃபர். இருபத்தாறு வயதுதான் இருக்கும். அந்தப் பிள்ளையே அரைவயிறு சாப்பிடுகிற மாதிரிதான் இருக்கிறாள்.

கீமோவில் அவருக்கு விரல் நுனிகள் மரத்துவிட்டன, பேனா நிற்காது. அதனால் எழுதுவது நான். எனக்கு இது புதிதில்லை. சத்துணவு அமைப்பாளர் வேலை பார்க்கிறேன். நூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகளுக்கு அரிசி, முட்டை, எண்ணெய் என்று தினமும் பதிவேடு எழுதுகிற கை. ஆனால் அந்த நோட்டில் கட்டம் சின்னது, என் வாய் பெரியது. கொள்ளாததை எல்லாம் அரிசிக் கடையில் கொடுத்த இந்த டைரியில் எழுதப் போகிறேன்.

விஷயம் இதுதான். என் வீட்டுக்காரர் காசிராஜன் விருதுநகரில் இருபத்தேழு வருடமாகப் பரோட்டா மாஸ்டர். போன வருடம் கழுத்தில் கட்டி வந்தது. ஆறு கீமோ போட்டதில் கட்டி கரைந்துவிட்டது. கூடவே உடம்பின் எதிர்ப்புச் சக்தியும் கரைந்துவிட்டது. யாராவது பக்கத்தில் நின்று தும்மினால்கூட ஆபத்து, கூட்டத்துக்குள் போகவே கூடாது என்கிறார் டாக்டர். எட்டாவது வாரம் நிமோனியா தடுப்பூசி போடுவார்கள். அதற்குப் பிறகு ரத்தம் எடுத்து, ஊசியை உடம்பு பிடித்துக்கொண்டதா என்று பார்ப்பார்கள். பிடித்திருந்தால் கடைக்குப் போகலாம். இல்லாவிட்டால் வீடுதான். எந்த எண்ணெயில் சமைத்துச் சாப்பிட்டால் ஊசி நன்றாகப் பிடிக்கிறது என்பதுதான் அவர்கள் செய்கிற ஆராய்ச்சி. எங்களுக்கு ஒரு வெள்ளை டின் கொடுத்தார்கள். மேலே '2' என்று மட்டும் இருந்தது.

டாக்டர் அரை மணி நேரம் விளக்கினார். இவர் கேட்டது எங்கள் ஊர்த் திருவிழாவைப் பற்றி ஒரே கேள்வி.

"பங்குனிப் பொங்கலுக்குப் பரோட்டாக் கல்லுல நிக்கலாமா டாக்டர்?"

ஜனவரி 8, புதன்

டின்னைத் திறந்து வாணலியில் ஊற்றினேன். அடுப்படி வாசலில் வந்து நின்றார். நுரையைப் பார்த்தார், மோந்தார், ஒரு சொட்டைப் புறங்கையில் தேய்த்தார்.

"கண்டுபிடிச்சிட்டேன்."

"என்ன எண்ணெய்?"

"சொல்லக் கூடாதுன்னு அந்தப் புள்ள சொல்லியிருக்கு."

"நான் உங்க பொண்டாட்டி."

"அதான் சொல்ல மாட்டேங்கேன். நீ ஊரெல்லாம் தமுக்கடிச்சிருவ."

இரவுக்குள் நான்கு முறை கேட்டுவிட்டேன். வாயைத் திறக்கவில்லை மனுஷன்.

ஜனவரி 12, ஞாயிறு

இரவு ஏழரைக்கு இட்லி. எனக்கு நாலு, அவருக்கு அஞ்சு. தொட்டுக்கொள்ளப் பொடி.

எங்களுக்குக் கல்யாணமாகி இருபத்தைந்து வருடம். பிற்பகல் மூன்று மணிக்குக் கடைக்குப் போனால், நான் தூங்கிய பிறகுதான் வருவார். மகன் ஓசூருக்கு வேலைக்குப் போகிறவரை அவனோடு சாப்பிட்டேன், அப்புறம் டிவியோடு. நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து ராத்திரிச் சாப்பாடு சாப்பிட்டது தீபாவளிக்குத் தீபாவளி மட்டும்தான், அன்றுதான் கடை லீவு. கீமோ மாதங்களில் அவருக்குப் படுக்கையிலேயே கஞ்சிதான்.

இப்போது ஒரே தட்டில் பொடியைக் குவித்து, அவர் மரத்த விரலால் நடுவில் குழி பறிக்கிறார். நான் நல்லெண்ணெய் ஊற்றுகிறேன். அவர் பக்கத்துக் கரையை அவர் உடைக்கிறார், என் பக்கத்தை நான். என் பக்கம் எண்ணெய் வழிந்தால் "களவாணி" என்கிறார்.

நோட்டில் எழுதினேன்: ஏழரை மணி. இட்லி ஐந்து. ஆவியில் வெந்தது, எண்ணெய் பூஜ்யம். யாருடன்: மனைவியுடன்.

பூஜ்யம் போட்டதில் எனக்குக் கொஞ்சம் பெருமைதான்.

ஜனவரி 20, திங்கள்

மதுரைக்குப் போய் வந்தோம். எண்ணெய்க்கும் ஊசிக்கும் என்ன சம்பந்தம் என்று நிலோஃபரிடம் நான் கேட்டேவிட்டேன். ஒரு தாளில் வட்டம் போட்டாள்.

"இது ரத்தத்துல இருக்கிற ஒரு செல்லுன்னு வெச்சுக்கங்க. கிருமியோட சண்டை போடறது இதுதான். இதைச் சுத்தி ஒரு தோல் இருக்கு பாருங்க, அது கொழுப்பால ஆனது. நாம சாப்பிடற கொழுப்பும் கொஞ்சம் கொஞ்சமா அங்க போய் உட்காரும். கொழுப்புல பல ஜாதி உண்டு. சிலது அசைஞ்சு குடுக்காது. சிலது சட்டுன்னு கெட்டுப்போகும். கெட்டுப்போற ஜாதி அதிகமானா, சண்டைக்குப் போற நேரத்துல செல்லே செத்துப்போகுதோன்னு ஒரு சந்தேகம்."

இவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "சட்டி எண்ணெய் காறிப்போற மாதிரியா?"

"காறுறதுன்னா?"

"ஒரே எண்ணெயத் திரும்பத் திரும்பக் காய வெச்சா ஒரு வாடை அடிக்கும்மா. தொண்டையப் பிடிக்கும். பாமாயில் தாங்கும். சில எண்ணெய் ரெண்டாவது ஈட்டுக்கே காறிரும்."

நிலோஃபர் அவரையே பார்த்தாள். "மாஸ்டர், அதேதான். இதைச் சொல்ல எங்களுக்கு ஒரு வருஷம் பாடம் எடுத்தாங்க."

அவருக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. பிறகு அவள், "ஆனா இதெல்லாம் எலியிலதான் பார்த்திருக்காங்க. மனுஷங்கள்ல எப்படின்னு தெரியாது. அதுக்குத்தான் நீங்க" என்றாள்.

"அப்ப நான் எலியா?"

பஸ்ஸில் வரும்போது திருமங்கலம் வரை "எலி மாஸ்டர், எலி மாஸ்டர்" என்று கூப்பிட்டுக்கொண்டே வந்தேன். முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார்.

பிப்ரவரி 5, புதன்

மதியம் பள்ளியிலிருந்து சீக்கிரம் வந்தேன். வீட்டுக்குள் சளார் சளார் என்று சத்தம். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஈரத் துண்டை மேஜையில் அறைந்து, சுழற்றி, வீசிக்கொண்டிருக்கிறார். புதிதாகத் தொழில் படிக்கிறவர்கள் மாவை வீணாக்கக் கூடாதென்று இப்படித்தான் பழகுவார்கள். இருபத்தேழு வருட மாஸ்டர் மறுபடியும் துண்டு வீசுகிறார். மரத்த விரலில் பிடி நிற்கிறதா என்று பார்க்கிறார்போல.

மூன்று தடவை கை நழுவித் துண்டு தரையில் விழுந்தது. நாலாவது தடவை விழவில்லை.

நான் உள்ளே போனதும் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, "வேர்த்திச்சு" என்றார். அதை வாங்கித் துவைக்கப் போட்டேன். அழுக்காக இருந்தது.

பிப்ரவரி 7, வெள்ளி

இன்னொரு துண்டையும் துவைத்தேன்.

பிப்ரவரி 16, ஞாயிறு

காலையில் கடை முதலாளி அண்ணாச்சி வாசலோடு நின்று பேசிவிட்டுப் போனார். பங்குனிப் பொங்கல் ஏப்ரல் முதல் வாரம், திருவிழாக் கூட்டத்துக்கு மாஸ்டர் வருவாரா, வெளியூரிலிருந்து ஆள் சொல்லட்டுமா என்று கேட்டார். "ஆள் சொல்லிருங்க அண்ணாச்சி" என்றேன். உள்ளேயிருந்து இவர், "சொல்ல வேணாம், நான் வாரேன்" என்றார்.

சாயங்காலம் வரை என்னோடு பேசவில்லை. ஏழரைக்குப் பொடித் தட்டை வைத்தேன். குழியை அவர் பக்கமாகவே ஒதுக்கிப் பறித்தார். நானும் விடாமல் என் இட்லியால் ஒரு வாய்க்கால் வெட்டினேன். சிரித்துவிட்டார்.

இட்லி ஐந்து. எண்ணெய் பூஜ்யம். மனைவியுடன்.

பிப்ரவரி 22, சனி

துவைத்த துண்டுகளை மடித்து அலமாரியின் மேல்தட்டில் வைத்தேன். அவருக்கு எட்டக் கூடாது என்றில்லை. இடம் அங்கேதான் இருந்தது.

மார்ச் 3, திங்கள்

என்னால் ஆற அமர எழுத முடியவில்லை. ஆனாலும் எழுதிவிடுகிறேன்.

காலையில் ஊசி போட்டார்கள். இடது தோளில். எறும்புக் கடி மாதிரிதான் இருந்ததாம். அப்புறம் நிலோஃபரிடம் நோட்டைக் காட்டப் போனோம். அவளுக்கு நோன்பு தொடங்கியிருக்கிறது, முகம் வாடியிருந்தது. பக்கத்தைப் புரட்டிக்கொண்டே வந்தவள், "ராத்திரி பாதி நாளுக்கு மேல இட்லிதானா? எதைத் தொட்டுக்குவீங்க?" என்று கேட்டாள்.

"பொடி" என்றார் இவர். "நோன்பு நேரத்துல சொல்லக் கூடாது, இருந்தாலும் சொல்லுறேன். எங்க வீட்டுப் பொடிக்கு ஈடு கிடையாது. எள்ளை வறுத்துப் போட்டு…"

"ஐயோ மாஸ்டர், நோன்பு திறக்கிற மஃரிபுக்கு இன்னும் ஏழு மணி நேரம் இருக்கு" என்று சிரித்தாள். "பொடியை எதுல குழைப்பீங்க?"

"குழைக்கிறதா? நடுவுல குழி பறிச்சு நல்லெண்ணெய் ஊத்துவோம்."

பேனா நின்றது. "எத்தனை ஸ்பூன்?"

"ஸ்பூன் என்ன ஸ்பூன். குழி நிறைய."

நோட்டை என் பக்கம் திருப்பினாள். "அம்மா, இங்க எல்லாத்துலயும் எண்ணெய் பூஜ்யம்னு போட்டிருக்கே?"

"அது எண்ணெய் இல்லையேம்மா" என்றேன். "நல்லெண்ணெய்."

சொன்ன பிறகுதான் என் காதிலேயே விழுந்தது.

எங்கள் வீட்டில் எண்ணெய் என்றால் அடுப்பில் காய்வது. கடலை எண்ணெய், பாமாயில், இப்போது இந்த '2' டின். நல்லெண்ணெய் தனி. அது அடுப்புப் பக்கம்கூட இருக்காது. பொடி டப்பா பக்கத்தில், மேஜைமேல் இருக்கும். யாராவது "எண்ணெய் எடு" என்றால் என் கை அந்தப் பக்கமே போகாது. எள்ளின் நெய்தான் எண்ணெய் என்று பள்ளிக்கூடத்தில் படித்தவள்தான் நான். படிப்பு எங்கே போனது?

நிலோஃபர் முதலில் சிரித்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டாள். அதற்குப் பிறகு சிரிக்கவில்லை. "நூத்திப் பன்னிரண்டு பிள்ளைங்களுக்கு எண்ணெய் அளக்கிறவங்களாச்சேம்மா நீங்க" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை.

இவர் குறுக்கே விழுந்தார். "நான்தாம்மா கேட்டுக் கேட்டு ஊத்திக்கிட்டேன். கனிக்கு ஒண்ணும் தெரியாது." இருபத்தைந்து வருடத்தில் என்னை ஒன்றும் தெரியாதவள் என்று இவர் சொல்லி, அதைக் கேட்டு நான் சும்மா இருந்தது இன்றுதான்.

"நல்லெண்ணெய் கெடுதலா?" என்று கேட்டேன்.

"கெடுதல்னு யார் சொன்னா? அதுல இருக்கிற கொழுப்பு வேற அளவு, இந்த டின்ல இருக்கிறது வேற அளவு. ரெண்டும் கலந்தா எது என்ன செஞ்சதுன்னு எங்களுக்குத் தெரியாமப் போயிடும்."

"ஊசி பிடிக்குமா, பிடிக்காதா? அதச் சொல்லும்மா."

"தெரியாதும்மா. தெரிஞ்சா நாங்க எதுக்கு டின்னைத் தூக்கிக்கிட்டு அலையறோம்?"

மார்ச் 4, செவ்வாய்

பாத்திரம் கழுவுகிற இடத்துக்குக் கீழே, பினாயில் ஊற்றி வைக்கலாம் என்று காலி நல்லெண்ணெய் பாட்டில்களைப் போட்டு வைத்திருந்தேன். மூன்று பாட்டில், ஒவ்வொன்றும் அரை லிட்டர். நோட்டில் இட்லி இரவுகளை எண்ணினேன், முப்பத்தெட்டு. இரண்டு பேருக்கும் பிரித்தால் ஆளுக்கு ஒரு வேளைக்கு நாலு தேக்கரண்டி. அவர் பக்கம் எப்போதும் கூட, ஐந்து என்று வைத்தேன். ஒவ்வொரு பூஜ்யத்தையும் ஒற்றைக் கோட்டால் அடித்து, பக்கத்தில் '5, நல்லெண்ணெய்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். முப்பத்தெட்டு கையெழுத்து.

நிலோஃபருக்குப் போன் செய்தேன். "டாக்டர் உள்ளதை உள்ளபடி எழுதினதுக்கு நன்றி சொன்னார்மா. மாஸ்டர் தொடர்ந்து வரலாம். அவரோடதைத் தனியா வெச்சுப் பார்ப்பாங்க. ரத்தப் பரிசோதனை எப்பவும்போல உண்டு. இனிமே பொடிக்கும் இந்த டின் எண்ணெயையே ஊத்துங்க" என்றாள்.

ஊற்றினேன். வாயில் வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். "பொடிக்குத் தண்ணி ஊத்துனாப்புல இருக்கு" என்றார். ஆனால் ஐந்து இட்லியையும் சாப்பிட்டார்.

மார்ச் 10, திங்கள்

ஒரு கேள்வி மனதை அரிக்கிறது. அவர் கடைக்குப் போகாமல் வீட்டிலேயே இருந்தால் தேவலை என்று நினைத்துத்தான், எனக்கே தெரியாமல், எழுதாமல் விட்டேனா?

இல்லை. சத்தியமாக இல்லை. நோட்டில் இருந்ததெல்லாம் வைத்தியம். பொடித் தட்டை நான் வைத்தியத்தில் சேர்க்கவில்லை, அவ்வளவுதான். அது எங்களுடையது.

ஆனால் அந்தத் துண்டுகள்? அவை அழுக்காக இருந்தன.

மார்ச் 20, வியாழன்

ஒரு தும்மல் தும்மினார். இரண்டு மணி நேரத்தில் ஆறு தடவை காய்ச்சல் பார்த்தேன். மிளகாய் வறுத்த நெடிதான் என்கிறார். வறுத்தது நான்தான்.

மார்ச் 23, ஞாயிறு

பள்ளிக்கு லீவு, மதியம் நல்ல தூக்கம். சளார் சத்தத்தில் விழித்தேன். எந்தத் துண்டு என்று எழுந்து போய்ப் பார்த்தால், என் பழைய உள்பாவாடை.

"எல்லாத் துண்டையும் மேல ஏத்திட்ட. நான் எதத்தான் வீச?" என்றார்.

நான் நாற்காலி போட்டு ஏறித் துண்டுகளை எடுத்துக் கொடுத்தேன். ஏன் வைத்தேன் என்று அவர் கேட்கவில்லை. வாளியில் முக்கிப் பிழிந்து, ஒன்றை வீசினார். மேஜையில் விரிந்து விழுந்தது, ஓரம் ஒரு இடத்தில்கூட மடங்கவில்லை. எனக்குக் கை தட்ட வேண்டும்போல இருந்தது. தட்டினேன்.

ஏப்ரல் 1, செவ்வாய்

ரத்தம் எடுத்தார்கள். நேற்று ரம்ஜான் என்பதால் ஒரு நாள் தள்ளி. நிலோஃபர் கையில் மருதாணி. அவளுக்கு ஒரு டப்பா பொடியும் ஒரு பாட்டில் நல்லெண்ணெயும் கொண்டுபோனேன். டப்பாமேல் 'எண்ணெயோடு சேர்த்து எழுதவும்' என்று சீட்டு ஒட்டியிருந்தேன். படித்துவிட்டு அவள் என்னைக் கட்டிக்கொண்டாள்.

நோட்டைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். வரும்போது கை வெறிச்சென்றிருந்தது.

ஏப்ரல் 3, வியாழன்

பகல் பதினொன்றரைக்கு, பிள்ளைகளுக்கு முட்டை எண்ணிக்கொண்டிருக்கும்போது போன்.

ஊசி பிடித்துவிட்டது. நன்றாகவே பிடித்திருக்கிறது என்று டாக்டரே பேசினார். முகக்கவசம் போட்டுக்கொண்டு கடைக்குப் போகலாம், மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்கலாம் என்றார். எந்த எண்ணெயால் என்று கேட்டேன். ஒரு ஆளை வைத்து எதுவும் சொல்ல முடியாது, எல்லோருடையதும் முடியட்டும் என்றார். முட்டைக் கணக்கு விட்டுப்போயிற்று, முதலிலிருந்து எண்ணினேன்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். நேராகக் கடைக்குப் போகிற சட்டையைத் தேடப் போனார். நான் அடுப்படியில் அழுதேன். சந்தோஷத்தில் அழுகிறேன் என்று நினைத்தார். சந்தோஷமும் இருந்தது. இல்லையென்று யார் சொன்னது?

மூன்று மாதமாக எழுத வெட்கப்பட்டதை இப்போது எழுதிவிடுகிறேன். அவர் வீட்டில் இருந்தது எனக்குப் பிடித்திருந்தது. நோயோடு இருந்தது இல்லை, அவர் இருந்தது. ஏழரை மணி எனக்குப் பிடித்திருந்தது.

இரவு இட்லிக்குப் பழையபடி நல்லெண்ணெய். குழி பறிக்கும்போது கேட்டேன். "இப்பவாவது சொல்லுங்க. அந்த டின்ல என்ன எண்ணெய்?"

"எனக்கென்ன தெரியும்?"

"கண்டுபிடிச்சிட்டேன்னீங்க?"

"சும்மா சொன்னேன். நீ தெனமும் கேட்ட பாத்தியா, நல்லாருந்துச்சு. இல்லாட்டி நம்ம ரெண்டு பேரும் என்னத்தப் பேசியிருப்போம்? பேசிப் பழக்கமா இருக்கு நமக்கு?"

அவர் பக்கம் இன்னும் கொஞ்சம் ஊற்றினேன்.

ஏப்ரல் 6, ஞாயிறு, பங்குனிப் பொங்கல்

மூன்று மணிக்குக் கடைக்குப் போனார். போகும்போது, "ஏழரைக்கு இட்லியக் கடைக்கு எடுத்துட்டு வந்துரு. பொடியையும்" என்றார்.

"பரோட்டாக் கடைக்கு யாராவது இட்லி கொண்டு போவாங்களா? இன்னைக்கு ஏழரைன்னா ஊரே உங்க கல்லு முன்னாலதான் நிக்கும்" என்றேன்.

"கொண்டு வான்னா கொண்டு வாயேன்."

போனேன். உட்கார இடமில்லாமல் வாசல் வரை ஆட்கள். முகக்கவசத்துக்கு மேலே கண் மட்டும் தெரிய, கல்லுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். வீசினார், மாவு காற்றில் விரிந்து வந்து படிந்தது. என்னைப் பார்த்ததும் கடிகாரத்தைப் பார்த்தார். கரண்டியைப் பக்கத்து ஆளிடம் கொடுத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார். கடைக்குப் பின்பக்கம், காற்றோட்டமான இடத்தில், ஒரு ஸ்டூலும் இரண்டு நாற்காலியும் ஏற்கெனவே போட்டு வைத்திருந்தது. அண்ணாச்சியிடம் காலையிலேயே பேசிவிட்டாராம். கடை இருக்கிற நாளெல்லாம் ஏழரையிலிருந்து கால் மணி நேரம் மாஸ்டர் கல்லில் இருக்க மாட்டார்.

உள்ளேயிருந்து யாரோ, "மாஸ்டர்! பொரிச்ச பரோட்டா எட்டு! சீக்கிரம்!" என்று கத்தினார்கள்.

"இருங்கப்பா!" என்று இவரும் கத்தினார். "சாப்பிட்டுக்கிட்டு இருக்கேன்ல!"

பொடியைக் குவித்தேன். குழி பறித்தார்.

நோட்டு இப்போது எங்களிடம் இல்லை. பழக்கம் விடவில்லை, இங்கேயே எழுதிவிடுகிறேன். நேரம்: ஏழரை. இட்லி நாலு. எண்ணெய்: நல்லெண்ணெய், அளக்கவில்லை. யாருடன்: என் வீட்டுக்காரருடன்.